ஆகஸ்ட் மாதப் பல்வலி

என் புருஷன் ரெய்தார் என்னை விட்டுவிட்டு யோருனோடு போனதை ஊர் சீக்கிரமே ஜீரணித்துவிட்டது. நானும் ஒருவழியாக ஜீரணித்திருப்பேன். பத்தொன்பது வருஷம் ஒருத்தனுடைய குறட்டையைக் கேட்டவளுக்கு வீட்டில் அமைதி வந்தால் அது அவ்வளவு கெட்டதாகத் தெரிவதில்லை. ஆனால் போனவன் சும்மா போகவில்லை. என் அப்பாவின் சதுப்பு நிலத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

மரமே நிற்காத எங்கள் வடகோடி மண்ணில் விளைகிற உருப்படியான பழம் மொல்தெ ஒன்றுதான். ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பழம். அது எந்தச் சதுப்பில் நன்றாக விளைகிறது என்பதை எங்கள் ஊரில் தம்பிக்கு அண்ணன் சொல்ல மாட்டான். கூடப் பிறந்தவனுக்குச் சிறுநீரகத்தைக் கொடுத்த ஆள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். அவரும் சதுப்பை மட்டும் சொல்லவில்லை. நான் தெற்கே ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு, அங்கேயே தங்காமல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வேலைக்குத் திரும்பிய வருஷம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கணவாய்க்கு மேலே, பாறைக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லாதது போல இருக்கும் ஒரு பள்ளம். "திரும்பி வந்துட்ட. இனிமே இது உன்னோடது" என்றார். அவர் எனக்குக் கொடுத்த சொத்து அவ்வளவுதான். கல்யாணமான மூன்றாம் வருஷம், புருஷன்தானே என்று ரெய்தாரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

யோருன் எனக்குத் தோழியாக இருந்தவள். ஈஸ்டர் விடுமுறையானால் மூவரும் பனிச்சறுக்குக் கட்டையில், உறைந்துகிடக்கும் உள்ளேரிக்குப் போவோம். மான்தோலை விரித்து உட்கார்ந்து, கரி பிடித்த கெட்டிலில் காபி கொதிக்க வைத்து, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்போம். யாராக இருந்தாலும் அவரவர் துளையை அவரவர்தான் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கடைசி ஈஸ்டரில் அவர்கள் இருவரும் ஒரே துளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் மும்முரமாக மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிரிந்த பிறகு ஊர் அவள் பக்கம்தான் சாய்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஊரில் முடி வெட்டுகிறவள் அவள் ஒருத்தி. ஆசிரியை கோபித்துக்கொண்டால் பிள்ளைக்கு மார்க் குறையும், அவ்வளவுதான். முடி வெட்டுகிறவள் கோபித்துக்கொண்டால் அடுத்த டவுனுக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். புதன்கிழமை பின்னல் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிட மறந்தார்கள். நானே கண்ணாடி முன்னால் நின்று சமையலறைக் கத்தரிக்கோலால் முடியை வெட்டிக்கொண்டேன். பின்பக்கம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளின் சிரிப்பிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அந்த ஆகஸ்டில் வாளியோடு சதுப்புக்குப் போனேன். ஒரு பழம் இல்லை. பறித்த தண்டுகள்தான் பள்ளம் முழுக்க மொட்டையாக நின்றன. ஒரு புல்மேட்டில் யோருனின் பச்சை நிறத் தலைமுடிக் கிளிப் கிடந்தது. அடுத்த வாரம் அவள் கடை ஜன்னலில், ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவே, பொன் நிறத்தில் ஜாடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அந்தக் கிளிப்பை என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். கோபம் ஆறுகிற மாதிரி இருந்தால் எடுத்துப் பார்ப்பேன்.

அடுத்த வருஷம் ஜூலைக் கடைசியில் கூட்டுறவுக் கடையில், பால் அலமாரிக்கு முன்னால், யோருன் என்னைப் பிடித்தாள்.

"தூரிட், செப்டம்பர் முதல் சனிக்கிழமை எங்க கல்யாணம். நீ கண்டிப்பா வரணும். பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத."

"நான் எதுக்குடி அங்க?"

"என்னடி இப்படிக் கேக்குற? ஊரே வருது. எல்லாருக்கும் மொல்தெ கிரீம். உனக்குத்தான் அது உசுராச்சே." பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "நம்ம சதுப்புப் பழம்தான்."

நம்ம சதுப்பு. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். போகும்போது அவள் என் பின்தலையை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு நாள் கடைக்கு வா. அதைச் சரி பண்ணி விடுறேன்" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். திருடி என்று அவளை ஊர் முன்னால் சொல்ல முடியாது. சதுப்பு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது இல்லை. புருஷனைப் பறித்தவள் என்று சொன்னால் தோளைக் குலுக்குவார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று உண்டு. மொல்தெயைக் காயாகப் பறிப்பது. சிவப்பாக, கல்லாக இருந்தால் அது காய். பொன்னிறமாகிக் குழைந்தால்தான் பழம். அடுத்தவன் முந்திவிடுவானோ என்று காயைப் பறிக்கிறவனோடு ஒரே படகில் மீன்பிடிக்கக்கூட ஏற மாட்டார்கள். முதல் வகுப்பில் எழுத்துக்கு முன்னால் அதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

அந்த வருஷம் ஜூலை குளிராகப் போயிற்று. அப்பாவின் பள்ளம் உயரத்தில் இருக்கிறது, எப்போதும் கடைசியில்தான் பழுக்கும். பள்ளி திறந்த வாரம் ரகசியமாக ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளம் முழுக்கச் சிவப்பு. இன்னும் பத்து நாளாவது வேண்டும்.

மறுநாள் தலைமையாசிரியர் பிர்கெரின் அறைக்குப் போனேன். காபி குடிக்க வந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி கதவைத் திறந்தே வைத்தேன்.

"சார், எனக்கு வெள்ளிக்கிழமை லீவு வேணும். பல் டாக்டர்கிட்ட போகணும்."

ஆகஸ்ட் வந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பல் வலிக்கும். அது மொல்தெ பறிக்கப் போகிற வலி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

"ரொம்ப வலியோ?" என்றார் பிர்கெர், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

"பொறுக்க முடியல சார்."

சாயங்காலம் வெள்ளை வாளிகளைக் கழுவி வேலியில் கவிழ்த்தேன். ரப்பர் பூட்ஸை வாசல் படியில் காயவைத்தேன். ரெய்தார் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் கார் ஓட்டிப் போவான், வெள்ளிக்கிழமைப் பல்வலியும் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். அவனை எனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தை இத்தனை வருஷமாகப் பார்த்தவள் போகிறாள் என்றால் பழுத்துவிட்டது என்று கணக்குப் போடுவான், எனக்கு ஒரு நாள் முந்திப் போவான். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் வியாழன். வியாழன்தான் பள்ளிக்கூடத்து மலைநடை. பிள்ளைகள், அம்மா அப்பாக்கள், காபி கெட்டில், சுடுவதற்குச் சாசேஜ் என்று ஊரில் பாதி கிளம்பும். வழக்கமாக உள்ளேரிக்குப் போவோம். பாதையைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு.

வியாழக்கிழமை காலையில் தேவாலயத்துக்குப் பின்னால் ரெய்தாரின் கார் நின்றது. எங்கே போயிருக்கிறோம் என்று தெரியாமல் இருக்க அங்கேதான் எல்லோரும் காரை ஒளிப்பார்கள். ரெய்தார் கடவுளைத் தேடிப் போகிற ஆள் இல்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. சந்தோஷத்தில்தான்.

மலையில் ஒரு கற்குவியல் இருக்கிறது. அங்கிருந்து இடது பக்கம் ஏரி, வலது பக்கம் கணவாய். அங்கே வந்ததும் என் கால் நின்றுவிட்டது. இது வரைக்கும் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், இந்த ஒன்றை மட்டும் யோசிப்பதைத் தள்ளிப்போட்டிருந்தேன். வலது பக்கம் திரும்பினால் யோருன் மாட்டுவாள். அப்பாவின் சதுப்பும் போகும். அவர் பாதிரியாரிடம்கூடச் சொல்லாமல் சாகும்வரை காத்த இடம். பின்னால் அத்தனை பேரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன டீச்சர், வழி மறந்துடுச்சா?" என்றாள் லாய்லா. மீன் வெட்டும் கொட்டகையில் வேலை செய்கிறவள். அவளும் என்னிடம் படித்தவள். இப்போது அவள் பெண் என் வகுப்பில் இருக்கிறாள்.

"ஏரிக்குத்தானே எப்பவும் போவோம்?" என்றார் பிர்கெர்.

இழுப்பறையில் கிடக்கிற பச்சைக் கிளிப்பை நினைத்துக்கொண்டேன். "ஏரி அலுத்துப்போச்சு சார்" என்று சொல்லிவிட்டு வலது பக்கம் திரும்பினேன்.

பாறையைச் சுற்றி வந்ததும் முதலில் தெரிந்தது இரண்டு முதுகுகள். குனிந்து, இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் சத்தம் கேட்டதும் யோருன் விருட்டென்று நிமிர்ந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றி வாளிமேல் போட்டாள். குளிர்காற்றில் சட்டையோடு நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

பெரியவர்களின் கண் முதலில் அவள்மேல் இல்லை, பள்ளத்தின்மேல் இருந்தது. இப்படி ஓர் இடம் இத்தனை வருஷம் இங்கே இருந்ததா என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் வழியைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு லாய்லா நடந்து போய் ஜாக்கெட்டைத் தூக்கினாள்.

வாளி நிறையச் சிவப்பு.

"யோருன், இது காய்" என்றாள்.

"இல்ல, கொஞ்சம்தான். வீட்ல ஜன்னல்ல வெச்சா பழுத்துடும்."

"அப்படியா? ஒரு கல்லையும் கூட வெச்சுப் பாரு. அதுவும் பழுக்குதான்னு பாப்போம்."

"கல்யாணத்துக்குடி லாய்லா. எண்பது பேர் வர்றாங்க. நாளைக்கு இவ வந்து வழிச்சிட்டுப் போயிடுவான்னு..." யோருன் என்னைக் கையால் காட்டினாள்.

"எங்களுக்குப் போடவா இந்தக் காயைப் பறிச்ச?" என்றாள் லாய்லா. அவள் குரல் உயரவே இல்லை. கையை மட்டும் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் போல ஓசைப்படாமல் அம்மாவிடம் திரும்பிப் போனார்கள். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பிர்கெர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு உங்களுக்குப் பல் டாக்டர்னு சொன்னீங்க?"

"வலி போயிடுச்சு சார்" என்றேன்.

ரெய்தார் சதுப்பைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்தில் வெட்கத்தைப் பார்க்கத்தான் நான் இத்தனை பாடுபட்டேன். அங்கே வெட்கம் இல்லை. கண் கலங்கியிருந்தது.

"உங்க அப்பாவோட இடம், தூரிட். ஊருக்கே காட்டிட்டியே."

"நீ ஒருத்திக்குக் காட்டின. நான் எல்லாருக்கும் காட்டினேன்."

"நான் தப்பு பண்ணேன். நீ ஏன் பண்ண?"

நெருப்பு மூட்டச் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். அன்றைக்குச் சாசேஜ் நன்றாக இருந்தது. நான் இரண்டு தின்றேன்.

கல்யாணம் நடந்தது. எண்பது பேருக்குப் போட்ட நாற்காலியில் முக்கால்வாசி காலி என்று கேள்விப்பட்டேன். பரிசு மேஜையில் யாரோ ரிப்பன் கட்டிய ஜாடி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், உள்ளே சிவப்புக் காய். யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. லாய்லா அந்த வாரம் முழுக்க வாய்க்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பெண்கள் முடி வெட்ட டவுனுக்குப் போக ஆரம்பித்தார்கள். காரில் நாலு பேராகச் சேர்ந்து, காபி பிளாஸ்க்கோடு, ஒரு சுற்றுலா மாதிரி. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை பின்னல் கூட்டத்தில் எனக்கு அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியைக் கொடுத்தார்கள். யோருனின் கடை ஜன்னலில் ஷாம்பு பாட்டில்கள் மட்டும் நின்றன. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன்.

மறு ஆகஸ்டில் ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் பல் வலித்தது. நான் ஏறிப் போனபோது கற்குவியலிலிருந்து வலது பக்கம் டிராக்டர் போனது போல ஒரு பாதையே விழுந்திருந்தது. பள்ளத்தில் பாசி மிதிபட்டுக் கருஞ்சேறாகிக் கிடந்தது. அப்பா எப்போதும் உட்கார்ந்து பைப் பிடிக்கிற கல்லின்மேல் யாரோ சாசேஜ் உறையை விட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு காலி வாளியோடு இறங்கினேன்.

சாயங்காலம் லாய்லா கதவைத் தட்டினாள். கையில் ஒரு ஜாடி, பொன் நிறத்தில்.

"உங்களுக்குத்தான் டீச்சர். உங்களாலதான எங்களுக்கு அந்த இடமே கிடைச்சுது. எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, இப்படிப் பழம் வேற எங்கயும் இல்லையாம்."

"தெரியும்" என்றேன்.

அவள் போனதும் சமையலறையில் நின்றபடியே ஜாடிக்குள் ஸ்பூனை விட்டேன். அப்பாவின் சதுப்புப் பழம் என்று நாக்குக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே தின்றேன். ரெய்தாருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அவனை அந்தப் பாதையில் ஏற ஊரில் யாரும் விட மாட்டார்கள். கடைசிச் சொட்டு வரை வழித்துத் தின்றுவிட்டு, ஜாடியைக் கழுவாமல் விட்டேன். இழுப்பறையிலிருந்து பச்சைக் கிளிப்பை எடுத்து அதற்குள் போட்டு மூடினேன்.

ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கீழ்த்தெருவுக்கு நடந்தேன். ரெய்தாரின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே அவனும் யோருனும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஜாடியை வாசல் படியில் வைத்தேன். மூடியைத் திறந்தால் வாசனை வரும். அவனுக்கு அந்த வாசனை தெரியும்.