கீலுக்குப் பாகுபதம்

ஸ்கந்தபுரத்து வாய்க்காலின் தலைப்பில் ஐயாத்துரையின் வயல். கடைசியில் தங்கராசாவின் இரண்டு ஏக்கர். தலைப்பில் இருப்பவருக்குத் தண்ணீர் வரும். கடைசியில் இருப்பவருக்குத் தண்ணீர் வருகிறது என்ற செய்தி வரும்.

சிறுபோக நெல், கதிரை உள்ளே வைத்துக்கொண்டு, குடலையில் நின்றது. இன்னும் ஒரு முறைத் தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் வைக்கோல். அந்த முறை வெள்ளிக்கிழமை. அதோடு குளத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் ஓடைக்கு மேலாக வாய்க்காலைக் கொண்டுபோகும் சீமெந்துத் தொட்டியின் பொருத்து விண்டு, தங்கராசாவுக்குப் போகவேண்டிய தண்ணீரெல்லாம் கீழே மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவரும் ஐயாத்துரைதான். பொருத்தை அடைக்க, தார்போல உருகும் நிலக்கரிக் கீலை ஒரு பீப்பா பேரம் பேசி வாங்கி வந்து இறக்கினார்.

"உருக்கி ஊத்தினால் சரி. உமக்காகத்தான் தங்கராசா இவ்வளவு பாடும்."

புதன்கிழமை இளஞ்சூட்டில் உருக்கி ஊற்றினார்கள். மத்தியான வெயிலுக்குக் கீல் இளகி, பொருத்தை விட்டு வழிந்து ஓடைக்குள் சொட்டியது.

"கழிச்ச எண்ணெயைக் கலந்து வித்துப்போட்டான், கள்ளன்!" என்றார் ஐயாத்துரை.

தங்கராசாவின் மனைவி வடிவம்மா தொட்டுப் பார்த்தாள். "கலப்படம் இல்லீங்க ஐயா. பதம் வரல்ல. பாகு இப்படி இருந்தா எள்ளுருண்டை நிக்குமா?"

அவளுடைய எள்ளுருண்டையைத் தின்ற வாய்கள் அங்கே நிறைய இருந்ததால் எதிர்த்துப் பேச ஆளில்லை. வியாழக்கிழமை விறகை அள்ளிப் போட்டார்கள். மஞ்சள் புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது. கீலை வளைந்துகொடுக்க வைக்கிற எண்ணெய்தான் அப்படிப் புகையாகிப் பாலைமரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. போகிறதை யாரும் மறிக்கவில்லை. வடிவம்மா ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீரில் விட்டு, ஆறியதை எடுத்துத் தட்டில் எறிந்து பார்த்தாள். கடைசியில் 'டங்' என்றது.

"இறக்குங்க!"

ஊற்றிய கீல் கண்ணாடிபோல மினுங்கியது. பின்னேர வெயிலுக்கும் அசையவில்லை. ஐயாத்துரை செருப்புக்காலால் மிதித்துப் பார்த்தார். "சாமான் எண்டா இது!" நேற்றுக் கள்ளனாக இருந்த வியாபாரி இன்றைக்கு யோக்கியனானான்.

வெள்ளி விடிய, குளத்தின் குளிர்ந்த தண்ணீர் தொட்டியை நிறைத்தது. தொட்டி பாரத்தில் சற்றே நெளிந்தது. கீலுக்கு நெளியத் தெரியவில்லை. விறகு வெடிப்பதுபோல ஒரு சத்தம். பொருத்து நீளத்துக்குப் பிளந்தது.

தங்கராசா சாக்கைத் திணித்தான். சாரத்தைக் கழற்றித் திணித்தான். உடைந்த கீல் கையைக் கிழித்ததுதான் மிச்சம்.

"ஐயா, குளத்துத் துருசை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கோ."

"திறந்தாலும் ஓட்டைக்குள்ளதானே போகுது? மத்தியானத்தோட பூட்டிப்போடுவினம். முறை எண்டா முறைதான்."

"நான்தாங்க கெடுத்துட்டேன்," என்றாள் வடிவம்மா.

"உன்ர பதத்தில பிழையில்லையடி. எள்ளுருண்டை கடிக்க உடையத்தானே வேணும்," என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் துருசு பூட்டினார்கள். அடுத்த கிழமைக்குள் நெல்லோலை சுருட்டுப்போலச் சுருண்டது. ஐயாத்துரை மோட்டார் சைக்கிளை வரம்போரம் நிறுத்தினார்.

"தங்கராசா, குடலைப் பயிர் மாட்டுக்கு நல்ல சத்து. முழுக்கக் காய முன்னம் என்ர மாடுகளை விடட்டே? எருவும் விழும். உமக்கும் லாபம்."

பேரம் பேசத் தங்கராசாவிடம் எதுவும் இருக்கவில்லை. வேலிக் கடப்பைத் திறந்துவிட்டான்.

பச்சை மிஞ்சியிருந்த மூலையில்தான் மாடுகள் தொடங்கின.