அம்மா பேரில் ஒரு சர்வர்

விழிஞ்ஞத்துக்குத் தணிக்கைக்குப் போயிருந்த அபிலாஷ் உற்சாகமாகப் போன் செய்தான். "சாரே, நம்ம சர்வர் இப்போ வெளியிலயும் கிட்டுது கேட்டோ! பாஸ்வேர்டு கேக்குது."

ஆடிட்டர் அழகியநம்பிக்கு வாயெல்லாம் பல். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கென்று வைத்த தனி வழியில் வந்தாலொழிய, நேற்று வரை அலுவலகத்துக்கு வெளியே சர்வரின் பக்கம் திறந்ததே இல்லை. நெட்வொர்க் வேலைக்காகக் கழக்கூட்டத்திலிருந்து வந்திருந்த கிருஷ்ணவேணியோ பதறி எழுந்தாள்.

"பாஸ்வேர்டு அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க சார்! அது நம்ம சர்வரே இல்ல!"

அதற்குள் லைன் போய்விட்டது. அவர் திருப்பிக் கூப்பிட்டார், அவன் எடுக்கவில்லை.

அலுவலகக் கணினிகள் தங்களுக்குள் புழங்க அழகியநம்பி வைத்த பெயர் பிச்சம்மாள் டாட் இன். வீடு, ஸ்கூட்டர் எதற்கும் அம்மா பேர் தவிர வேறு பேர் வைத்தறியாத மனிதர். ஆனால் உள்ளே புழங்குகிற பேருக்கு எவனாவது காசு கொடுப்பானா என்று அதை இணையத்தில் பதிந்து வாங்காமலே விட்டுவிட்டார். அப்படி ஒரு சிக்கனம்!

"இப்ப எவனோ அதை வாங்கிட்டான் சார்," என்றாள், விசைப்பலகையிலிருந்து கண்ணெடுக்காமல். "வெளிய இருந்து அந்தப் பேரைக் கூப்பிட்டா அவன் மெஷின்தான் பதில் சொல்லும். நம்ம பாஸ்வேர்டு கிடைச்சா, வீட்டுல இருந்து வேலை செய்யற வழியா அவன் உள்ள வந்துருவான். அந்த வழிய அடைக்கட்டுமா?"

"இன்னைக்கா? ரிட்டர்ன் போடக் கடைசி நாளாக்கும். பாதிப் பேரு வீட்டுல இருந்துல்லா வேலை பாக்கான்!"

"அபிலாஷ் அடிச்சிருந்தா அவன் ஃபைல் மட்டுந்தான் போகும். உங்க பாஸ்வேர்டுன்னா எல்லா பார்ட்டி கணக்கும் போச்சு. நீங்க வெளிய எங்கயும் அடிக்கலியே?"

காலையில் வலியசாலை வீட்டில், காப்பி ஆறுமுன், அந்தப் பக்கம் திறந்ததைக் கண்டு மகிழ்ந்து நம்பியும் பாஸ்வேர்டை அடித்திருந்தார். தவறு என்று வந்ததால் இன்னொரு தடவையும் அடித்தார். அவரை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அடை மக்ளே," என்றார். "எல்லாத்தையும் அடை."

அவள் வழியை அடைத்தாள். எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினாள். பிறகு உள்ளே வந்துபோனவர்களின் பதிவைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். நம்பிக்கு உட்காரத் தோன்றவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"இதுவரைக்கும் யாரும் வரல சார்."

அவர் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். அபிலாஷ் அப்போதுதான் கூப்பிட்டான். பாஸ்வேர்டு மறந்துபோனதால் அடிக்கவே இல்லையாம். ஒருநாளும் திட்டாமல் விடாத நம்பி அன்றைக்கு அவனைத் திட்டவில்லை.

"புதுப் பேருக்குப் பின்னால டாட் இன் இல்லாம டாட் இன்டர்னல்னு போட்டுரலாம்," என்றாள் கிருஷ்ணவேணி. "உள்ள புழங்கறதுக்குன்னே ஒதுக்கி வச்சது. வெளிய யாருக்கும் விக்க மாட்டாங்க. முன்னால பிச்சம்மாள்னே இருக்கட்டுமா?"

நம்பி திரையிலிருந்த பழைய பேரை ஒருமுறை பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். "அம்மை பேரைப் பாத்தா நான் மறுபடியும் யோசிக்காம அடிச்சிருவேன்."