முனியப்பன் கல்லுக்கு அடியில்

எங்கள் அப்பா வெங்கடப்பன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் போர் போட்டால் தண்ணீர் நிச்சயம் என்பது உத்தனப்பள்ளிப் பக்கத்தில் வேதவாக்கு. நாலு தாலுக்காவில் அவரைக் கேட்காமல் யாரும் போர் வண்டியைக் கூப்பிட மாட்டார்கள். கர்நாடகாவிலிருந்துகூட கார் வரும்.

சாகும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "மாந்தோப்புல முனியப்பன் கல்ல மட்டும் அசைச்சிராதீங்க."

இதைப்போய் என் தம்பி பாலாஜியிடம் சொல்லலாமா? அப்பாவின் தேங்காய்த் தொழிலை அப்போதுதான் கையில் எடுத்திருந்தான். முனியப்பன் கனவில் வந்து கேட்டார் என்று சில வருஷத்துக்கு முன் அப்பாவே நட்ட கல் அது. அடியில் அவர் கண்டுபிடித்த திப்பு காலத்துப் புதையல் என்று முடிவே கட்டிவிட்டான். அவன் மனைவி சௌமியா எந்தப் பேங்கில் லாக்கர் எடுக்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

எனக்குத் திப்புவும் வேண்டாம், லாக்கரும் வேண்டாம். அம்மாவின் காசுமாலை கிடைத்தால் போதும். ஆறு வருஷத்துக்கு முன் யுகாதிக்கு நான் வந்துவிட்டு ஓசூர் திரும்பிய வாரம் அது காணாமல் போனது. எடுத்தது இந்தச் சுகுணா, அதாவது நான்தான் என்று சௌமியா தீர்ப்பு எழுதிவிட்டாள். அன்றிலிருந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், பீரோ சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் அத்தைமார்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொள்வார்கள். அப்பாவே மாலையைப் பத்திரமாகப் புதைத்திருந்தால் எடுத்து அத்தனை பேர் முகத்துக்கு நேரேயும் ஆட்ட வேண்டும் என்றிருந்தது.

அம்மா ராயக்கோட்டை சந்தைக்குப் போன நேரம் பார்த்து மூவரும் தோப்புக்குப் போனோம். முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டு மன்னிப்புக் கேட்டோம். பாலாஜி உள்ளங்கையில் தேங்காயை வைத்தான். கல்லருகே போனதும் அது விறைத்து நின்றது.

"அக்கா, தங்கத்துக்கே இப்டி நிக்குது பாரு!"

கல்லைப் புரட்டிக் கடப்பாரையைப் போட்டான். 'டங்' என்றது. சௌமியா கன்னத்தில் போட்டுக்கொண்டு சாக்குப்பையை விரித்தாள். மண்ணை விலக்கினால் ஒரு இரும்பு மூடி. மூடிக்குக் கீழே அகலமான பைப்பு. பாலாஜியின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு கல்லை உள்ளே போட்டான். அது தட்டித் தட்டிப் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தம் வரவேயில்லை.

"என்னாங்க இது, சுரங்கமா?" என்றாள் சௌமியா.

"போருடி. தண்ணி வராத போரு."

பின்னால் கூடையை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. அம்மா நின்றிருந்தாள்.

"தோண்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். "நீங்க யாரும் ஊர்ல இல்லாத ராத்திரியா பார்த்து, பக்கத்துத் தோட்டத்துல போர் போட வந்த வண்டிய மடக்கினு வந்தாரு உங்கப்பன். அவரே தேங்கா புடிச்ச எடம். ஆயிரம் அடி போயும் வெறும் புகைதான். ஊருக்குத் தெரிஞ்சா இனிமே யாரு கூப்பிடுவாங்கன்னு மேல கல்ல நட்டு மஞ்சள் பூசிட்டாரு. வண்டிக்காரனுக்குக் குடுக்க என் காசுமாலைதான் போச்சு."

ஆறு வருஷமாக ஒவ்வொரு அமாவாசைக்கும் இந்தப் பைப்புக்கு நாங்கள் பொங்கல் வைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சௌமியா சாக்குப்பையைச் சுருட்டுவதைப் பார்த்ததும் அது நின்றது.

"என்னைத் திருடின்னாங்களேம்மா. பக்கத்துலதான நீ இருந்த?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்னை நாலு சொந்தக்காரங்கதான் பேசினாங்க சுகுணா. அவர நாலு தாலுக்கா பேசியிருக்கும்."

அப்பாவைவிட அம்மாமேல்தான் கோபம் வந்தது.

பாலாஜி அவசரமாகக் கல்லைப் பழையபடி நட்டான். "அக்கா, உன் கால்ல வேணா விழறேன், வெளிய சொல்லிராத. நாளைக்கு வேப்பனப்பள்ளியில தேங்கா புடிக்க வரேன்னு சொல்லியிருக்கேன்."

"ஆமா அண்ணி," என்று சௌமியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னை அண்ணி என்றது அந்த ஆறு வருஷத்தில் அதுதான் முதல் முறை. "நமக்குள்ள தெரிஞ்சிருச்சுல்ல, போதும். வெளிய இருக்கிறவங்க எதையாச்சும் நெனச்சிகினு போறாங்க, விடுங்க."

கையை விடுவித்துக்கொண்டு போனை எடுத்தேன். பர்கூரில் இருக்கும் பூங்கொடி சித்தியிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் கிருஷ்ணகிரி மாவட்டமே பேசும்.

"சித்தி, நல்லா இருக்கீங்களா? வேலையா இருந்தா வெச்சிட்டு வந்து உக்காருங்க. நெறைய சொல்லணும்."