சட்டசபையார் வீட்டுப் பதுங்குகுழி

பனைகள் நிரைநிரையாய் நிற்கும் பண்டத்தரிப்பில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டின் ஐப்பசி நண்பகலொன்றில், செம்மண் தோட்டங்கள் ஆளின்றிக் கிடக்க, நாய்களும் குரைக்க அஞ்சி அடுப்படிகளில் ஒடுங்க, எறிகணைகள் வீழும் ஓசை ஒவ்வொரு முறையும் ஒரு வேலி கிட்ட வந்துகொண்டிருந்தது.

கற்றறிந்த அன்பரே, அவ்வூர்ச் சட்டசபையார் முத்துக்குமாருவை நீவிர் அறியீர், அறியாததில் பிழையுமில்லை. வெள்ளையர் ஆட்சியில் ஆறாண்டு சட்டசபையில் வீற்றிருந்து, தலைப்பாகை சரியாமல் முழங்கி, பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்குப் பலகையில் இருக்கவேண்டுமென வாதாடி வென்று, அதனாலேயே அடுத்த தேர்தலில் மண்கவ்வி, மனமுடைந்து மாண்டவர் அவர். ஆனால் தாழ்ந்தவரென ஒதுக்கப்பட்ட அப்பிள்ளைகளுள் ஒருவரேனும் அவர் வீட்டு முற்றத்தைத் தாண்டியதில்லை. அழையாமல் உள்ளே போவது அவர்கள் வழக்கமன்று. அழைப்பது இவர் வழக்கமன்று.

அந்த வாங்கில் இருந்து படித்த கந்தப்பு, அறுபதைக் கடந்த பின்னும் நன்றி மறவாமல், சட்டசபையாரின் மகள் ஞானாம்பிகைக்குப் பின்வளவில் குழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூடை ஏற்றிக் கொடுத்திருந்தார். ஆறு பேர் இருக்கத்தக்க அக்குழியுள் அவள் அன்று தன்னந்தனியே ஒடுங்கியிருந்தாள். பாடத் தொடங்கிய தேவாரம் பாதியில் மறந்துபோயிற்று.

வாயிலில் ஒரு நிழல் விழுந்தது.

"நாச்சியார், எங்கடை பங்கர் இடிஞ்சுபோச்சு," என்றார் கந்தப்பு.

"ஓம் கந்தப்பு, சத்தம் கேட்டது," என்றாள் அவள்.

அவர் குனிந்து இறங்கிவிடுவார் என்றே அவள் எண்ணினாள். சாவு துரத்தும்போது அழைப்பை எவர் எதிர்பார்ப்பார்? அவரோ அவள் வாயையே பார்த்து நின்றார். வா என்ற சொல் அவள் தொண்டை வரை வந்து நின்றது. அச்சம் பாதி, பழக்கம் பாதி. இரண்டில் எது தடுத்ததென்று அவளுக்கே தெரியாது.

"அப்ப நான் மாமரத்தடியிலை நிக்கிறன், நாச்சியார்."

நிழல் விலகிற்று. அடுத்த எறிகணை பின்வளவில் வீழ்ந்தது. குற்றிகள் அதிர்ந்தன; மண் கொட்டிற்று; ஆனால் அவர் கட்டிய கூரை தாங்கிக்கொண்டது.

"கந்தப்பு, உள்ளுக்கை வா," என்று அப்போதுதான் அவள் கூவினாள். புகை அடங்கியபின் பார்த்தாள், மாமரமும் இல்லை.

தந்தையார் சபையில் பேசியவையெல்லாம் தோலட்டை கட்டிய ஏடுகளாய் அவ்வீட்டில் இன்றும் உள்ளன. மகள் அவற்றைத் திறப்பதில்லை. எவர் நிழல் வாயிலில் விழுந்தாலும், யாரென்று நிமிர்ந்து பாராமலே, "உள்ளுக்கை வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ," என்கிறாள். அவர்கள் வந்து அமர்ந்த பின்னும் சொல்லிக்கொண்டேயிருக்கிறாள்.