ஒன்பதாம் சேனலுக்கு ஒரு டப்பா சாராயம்

ஏழு மணிக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தபோது, ரெம்பெர்த்தோ கலிசாயா தன் வாழ்க்கையில் முதல்முறையாக, ஓர் ஆயரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று யோசித்தான்.

ஆயர் மீது அவனுக்குப் பகை ஏதும் இல்லை. நல்ல மனிதர், கைதாராளமானவர். அந்தத் தாராளம்தான் வினை. வெள்ளிக் கிண்ணத்தில் சிவப்புப் பூங்கொத்தை முக்கி முக்கி எடுத்து, ஒரூரோ நகரத்தில் அன்று தொடங்கவிருந்த ஒன்பதாம் டெலிவிஷன் சேனலுக்குச் சொந்தமான கட்டுப்பாட்டு மேசையை மந்திரித்துக்கொண்டிருந்தார். தீர்த்தம் தெறிக்கவில்லை, கொட்டியது. மேசையின் மேல்மூடியோ கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

கழற்றியவன் ரெம்பெர்த்தோவேதான். மலை உச்சி ஊர், காற்று மெலிசு. தாழ்வான ஊர்களுக்கென்று செய்த இயந்திரம் இங்கே மூச்சு வாங்கி, அரை மணியில் அடுப்பாகிவிடும். மூடியை எடுத்தால்தான் தாங்கும். மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக அவனே பற்றவைத்த மேசை அது. அதன் ஜுரம் அவனுக்குத் தெரியும்.

"போதும் ஆண்டகை…" என்றான் மெதுவாக.

"ஆசீர்வாதத்துல போதும்ங்கிற பேச்சே கூடாதுப்பா" என்று சொல்லி ஆயர் இன்னொரு முறை முக்கினார்.

வாயை மூடிக்கொண்டான். காரணம் இருந்தது. அன்று காலை முதலாளி டான் வால்டர் உர்தினினேயா கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை உருவிக் காட்டியிருந்தார்.

"தலைநகர் லா பாஸ்லேர்ந்து ஒரு இன்ஜினியர் வரேங்கறான். ஜெர்மனியில படிச்சவன். இன்னிக்கு எல்லாம் ஒழுங்கா நடந்தா இந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடறேன், நீ இங்க நிரந்தரம். ஏதாவது சொதப்பிச்சு… திங்கக்கிழமை உன் நாற்காலியில அவன். புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

அதே காலையில் இன்னொரு தகராறும் நடந்தது. நிலையத்தைக் கூட்டிப் பெருக்கி, எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொடுக்கும் டோன்யா கசிமிரா, வட்டத் தொப்பியும் இரட்டைச் சடையுமாக ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். மூட்டையில் ஒரு டஜன் பீர், கலர் காகிதச் சுருள், சுரங்கத் தொழிலாளிகள் குடிக்கும் கரும்புச் சாராயம் இரண்டு தகர டப்பா. எல்லாம் சால்யாவுக்கு, அதாவது புதுப்பொருளுக்கும் மண்ணுக்கும் ஊற்றிப் படைக்கும் சடங்குக்கு. ஒரூரோவில் தையல் மிஷின் வாங்கினாலும் பஸ் வாங்கினாலும் முதல் மடக்கு பூமித்தாய் பாச்சமாமாவுக்கு. அப்புறம்தான் மனிதன் தொடலாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு, சால்யாவுக்கென்றே ஆன நாள்.

டான் வால்டர் எரிந்து விழுந்தார். "இது என்ன மினிபஸ்ஸா? டெலிவிஷன்! நான் மயாமியில பாத்திருக்கேன். அங்க எவனும் கேமராவுக்கு பீர் ஊத்தறதில்லை."

"ஏன், அங்க பூமி இல்லையாக்கும்?" என்று கேட்டுவிட்டு கசிமிரா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். மூட்டை மட்டும் சமையல் மூலையில் தங்கிவிட்டது.

மணி ஏழு.

முதல் வரிசையில் மாநில ஆளுநரும் அவர் மனைவியும். பக்கத்தில், சேனலுக்கு ஞானத்தந்தையாகப் பெயர் கொடுத்திருந்த ஆயர். சதுக்கத்துக் கடை வாசல்களில் வரிசையாக டெலிவிஷன் பெட்டிகள், அவற்றின் முன்னே பாதி நகரம். டான் வால்டர் நெக்டையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"ஒரூரோவின் பெருங்குடி மக்களே! இந்த நிமிடம் முதல் நம் நகரம்…"

டப்.

பெரிய சத்தம் இல்லை. கடலை உடைக்கிற மாதிரி ஒன்று. மேசையின் விளக்குகள் ஒரே மூச்சில் அணைந்தன. சுவரிலிருந்த ஆறு திரைகளும் கறுத்தன.

"விளம்பரமா?" என்று கேட்டாள் ஆளுநர் மனைவி.

ரெம்பெர்த்தோ மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மேசைக்குள் தலையை விட்டான். பச்சை மின்சுற்றுப் பலகை மேல் புல்லில் பனி இறங்கினாற்போல் துளிகள். எதுவும் கருகவில்லை. காய்ந்தால் உயிர் வந்துவிடும்.

ஆனால் துணியை எடுத்து இத்தனை பேர் முன்னால் துடைத்தால், ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். ஆயரைக் கைகாட்டினால், ஞானத்தந்தையின் தீர்த்தமே பிள்ளையைக் கொன்றது என்று ஊரறியச் சொன்னதாகும். அதற்கப்புறம் இந்த ஊரில் ரேடியோ ரிப்பேர்கூட யாரும் தரமாட்டார்கள். மூடியைத் திறந்து வைத்தது நான்தான் என்றால், திங்கட்கிழமை லா பாஸ்காரன்.

"என்னய்யா ஆச்சு?" டான் வால்டரின் குரல் முதுகில் குத்தியது. "என்ன பண்ணித் தொலைச்சே?"

அப்போதுதான் வாசலிலிருந்து கசிமிரா பேசினாள். யாரிடமும் இல்லை, சுவரைப் பார்த்து.

"ஆத்தாளுக்குக் குடுக்காம வாய வச்சா வேற என்ன ஆகும்? காலையிலயே சொன்னேன். யாரு கேட்டா!"

கேமராக்காரர்கள் இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அதில் ஒருவன் சிலுவையும் போட்டுக்கொண்டான்.

ஆளுநர் மனைவி திரும்பினாள். "என்ன, சால்யா பண்ணலையா? அட, எங்க ஃபிரிட்ஜுக்கே பண்ணினோமே வால்டர்!"

ரெம்பெர்த்தோ தலையை வெளியே எடுத்தான். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். படித்த படிப்பையெல்லாம் ஒரு மூலையில் வைத்துவிட்டு, பாவமன்னிப்பு கேட்பவனின் முகத்தோடு சொன்னான்:

"டான் வால்டர், இயந்திரத்துல ஒரு குறையும் இல்லை. சால்யா பண்ணல. அதான்."

"நீ இன்ஜினியரா, மந்திரவாதியா?"

"இருபது நிமிஷம் குடுங்க. எல்லாரும் வெளியில டவர் அடிக்குப் போகணும். ஒருத்தர் விடாம. முதல் ஊத்து சொந்தக்காரர் கையால, அதாவது உங்க கையால. நான் உள்ள நின்னு இயந்திரத்துக்குப் பண்ணிடறேன்."

டான் வால்டர் ஆயரைப் பார்த்தார். ஆயர் கூரையைப் பார்த்தார்.

"திருச்சபை இதையெல்லாம் ஏத்துக்கறதில்லை" என்றார் கடைசியில். "ஆனா வெளியில குளிர் ஜாஸ்தி. ஒரு வாய் குடிச்சா பாவமில்லை."

கூட்டம் நகர்ந்தது. கசிமிரா மூட்டையைத் தூக்கியபோது ரெம்பெர்த்தோ அவளை முந்திக்கொண்டு குறுக்கே நின்றான்.

"அந்தச் சாராய டப்பா ஒண்ணை விட்டுட்டுப் போங்க டோன்யா."

"குடிக்கவா?"

"மேசைக்குள்ள ஊத்த."

அவள் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "அப்படி வா வழிக்கு! முதல் சொட்டு தரைக்குய்யா, மறந்துடாதே."

கதவைத் தாழிட்டான். தொண்ணூற்றாறு சதவீதம் சுத்தச் சாராயம். தண்ணீரை இழுத்துக்கொண்டு, தானும் ஆவியாகிப் போகும் சரக்கு. பரிசோதனைக் கூடத்தில் இதற்கு வேறு பெயர், வேறு விலை, அவ்வளவுதான். டப்பாவைத் திறந்தான். பலகை மேல் சாய்க்கப்போன கை ஒரு கணம் நின்றது. சே என்று தன்னையே திட்டிக்கொண்டு, தரையில் ஒரு சொட்டு விட்டான்.

பிறகு வேலை. ஊற்றினான், பிரஷ்ஷால் தேய்த்தான், திறப்பு விழா அழைப்பிதழால் விசிறினான். மெலிந்த காற்று இப்போது அவன் பக்கம் நின்றது. பத்தே நிமிடத்தில் பலகை எலும்பாகக் காய்ந்தது. சாராய வாடை முழுக்கப் போகட்டும் என்று இன்னும் எட்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். சுவிட்சைப் போட்டான்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஆறு திரைகளிலும் படம் வந்தது. அரங்கத்துக் கேமரா இல்லை, விருந்தினர் வருகையைப் பிடிக்க டவர் முற்றத்தில் நிறுத்தியிருந்த இரண்டாம் கேமரா.

ஒன்பதாம் சேனலின் முதல் காட்சி இதுதான்: நெக்டை முதுகுப் பக்கம் போய்விட, கழுத்தில் மஞ்சள் காகிதச் சுருளோடு டான் வால்டர் உர்தினினேயா மண்டியிட்டு டவர் காலுக்கு பீர் ஊற்றுகிறார். பின்னால் ஆளுநர் மனைவி கைதட்டி ஆடுகிறாள். ஆயர் காலிக் கோப்பையை கசிமிராவிடம் நீட்டுகிறார்.

ரெம்பெர்த்தோவின் விரல் ஒன்றாம் கேமரா பொத்தானுக்குப் பாய்ந்தது. அங்கே காட்டுவதற்கு ஒரு காலி நாற்காலிதான் இருந்தது. விரல் தயங்கிய நேரத்தில் தொலைபேசி அலறியது.

"சதுக்கத்துலேர்ந்து பேசறேன், கடைக்காரன்!" பின்னால் ஊரே கத்தியது. "மாத்தாதீங்க சாமி! நீட்டி முழக்கி ஏதோ உளறப்போறாங்கன்னு நினைச்சோம். இது நம்ம சேனல்! உங்க முதலாளி நல்லா ஊத்தறாரு!"

விரலை எடுத்துவிட்டான்.

மறுநாள் காலை டான் வால்டர் அவனை அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் பாராட்டுத் தந்திகள். முகத்தில், மயாமியை மறந்து, சால்யாவையே தான் கண்டுபிடித்தவர் போல ஒரு பெருமிதம்.

"நிரந்தரம்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொன்ன சொல் மாறமாட்டேன்."

"ரொம்ப நன்றி, டான் வால்டர். அந்த மேசைக்கு ஒரு நல்ல மின்விசிறி…"

"அதை லா பாஸ்காரன் பாத்துப்பான். திங்கக்கிழமை வரான்."

"யாரு?"

"நீயே சொன்னியே, இயந்திரத்துல ஒரு குறையும் இல்லைன்னு. குறையில்லாத இயந்திரத்தை எவன் வேணா பாத்துக்கலாம். ஆனா ஜெர்மனியில படிச்சவனுக்கு ஆத்தாளைச் சமாளிக்கத் தெரியுமா? அதுக்கு நீதான் சரி. மாசாமாசம் முதல் வெள்ளி சால்யா, நேரடி ஒளிபரப்பு. அதே சம்பளம், தனி அறை."

"டான் வால்டர், நேத்து உண்மையில மேசைக்குள்ள ஈரம்…"

"ஈரம்?" முதலாளியின் புருவம் ஏறியது. "ஏது ஈரம்? யார் விட்டது?"

சுவரில் ஆயரின் படம் இருந்தது. இன்று காலைதான் மாட்டியிருக்க வேண்டும். ஆணி பளபளத்தது.

"இல்லை" என்றான் ரெம்பெர்த்தோ. "தனி அறைக்கு ஜன்னல் உண்டான்னு கேக்க வந்தேன்."

திங்கட்கிழமை லா பாஸ் இன்ஜினியர் வந்தான். கண்ணாடியும் கருவிப்பெட்டியுமாக மேசைக்குள் குனிந்தவன் வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது குரலில் மரியாதை இருந்தது.

"இவ்வளவு சுத்தமா, ஒரு தழும்புகூட இல்லாம இந்தப் பலகையைத் துடைச்சது யாரு? கை தேர்ந்த ஆளு."

பீர்ப் பெட்டியைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கமாகப் போன ரெம்பெர்த்தோ நின்றான். வாயைத் திறந்தான்.

"பூமித்தாய்" என்றார் டான் வால்டர் முந்திக்கொண்டு. "ரெம்பெர்த்தோ, அந்தப் பெட்டியை வெயில்ல வைக்காதே."