மெழுகின் சூடு

எங்கள் பார்லரில் ஒரு வழக்கம் உண்டு. கை கால் முடியை நீக்கும் வேக்ஸிங்குக்கு மெழுகை உருக்கினால், குச்சியில் கொஞ்சம் எடுத்து முதலில் எங்கள் விரலில் தடவிப் பார்ப்போம். நம் விரல் தாங்கினால்தான் அது அடுத்தவர் தோலுக்குப் போகும். சூட்டைக் காட்டும் விளக்கு வைத்த புது மெழுகுச் சட்டி வந்த பிறகும் நாங்கள் விளக்கை நம்பவில்லை, விரலைத்தான் நம்பினோம்.

நாங்கள் என்றால் நானும் வண்டுவும். சில்வண்டு மாதிரி வாய் ஓயாதவள் என்று நான் வைத்த பெயர் அது. அவள் எனக்கு வைத்த பெயர் பட்டாசு. காரணம் சொல்லத் தேவையில்லை, எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். இருவரும் கூட்டாக நடத்தும் கடை. முடி வெட்டுவது நான், நூலைப் பிடித்துப் புருவம் எடுப்பது அவள், மற்றதெல்லாம் யார் கை ஒழிந்திருக்கிறதோ அவர்.

போன வருடம் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன வண்டுவுக்குக் குடலில் கட்டி என்றார்கள். ஸ்கேனில் ஈரலிலும் பரவியிருந்தது. முழுதாகக் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். வண்டுவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், ஆள் பார்க்க மலை மாதிரி இருப்பார். ஆனால் ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே மயங்கிவிடுவார். முதல் கீமோவுக்குத் துணைக்குப் போய், அவரையும் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறையிலிருந்து துணைக்கு நான்தான்.

அவளுக்கு ஏற்றிய மருந்தில் முடி முழுதும் கொட்டாது, மெலியும், அவ்வளவுதான். அதுவே ஒரு தொந்தரவாகிவிட்டது. பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் அவள் தலைக்குத்தான் போகும். "முடியெல்லாம் இருக்கே, அப்போ பெரிசா ஒண்ணும் இருக்காது" என்று சொன்னாள் ஒரு வாடிக்கைக்காரி.

"வாங்க, உங்களுக்கு மொட்டை அடிச்சு விடறேன். உள்ள என்ன வியாதி இருக்குன்னு பாத்துடலாம்" என்றேன். அவள் அதோடு கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, இருக்கற நாலு பேரையும் துரத்திட்டு நீயும் நானும் மாத்தி மாத்தி முடி வெட்டிக்கலாமா?"

நடுவில் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் நன்றாகச் சுருங்கியிருந்தன. டாக்டரே கொஞ்சம் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றை விடாமல் கேட்பார். விரல் மரத்துப்போகிறதா, பட்டன் போட முடிகிறதா என்று. "இந்த மருந்து நரம்பைக் கெடுக்கும்மா. மறைச்சா கை கால் திரும்ப வராமலே போயிடும், நடக்கவே முடியாது" என்று எச்சரிப்பார். மருந்து ஏற்றிய சில நாள் மட்டும் அப்படி இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்பாள் வண்டு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உடம்பு தேறின வாரங்களில் கடைக்கு வருவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். புருவம் மட்டும் எடுக்கமாட்டேன் என்றாள், கண் எரிகிறதாம். சரி, வேக்ஸிங் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வந்தது எங்கள் பழைய வாடிக்கையான டீச்சர். நான் ஒருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். வண்டு மெழுகை விரலில் தடவிப் பார்த்து, "சூடு சரியா இருக்கு டீச்சர்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த நொடி டீச்சர் போட்ட அலறலில் என் கத்தரிக்கோல் கை நழுவிப் போயிற்று.

முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து பொங்கிவிட்டது. டீச்சரைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மன்னிப்பு கேட்டேன், மருந்து போட்டேன், கூடவே டாக்டரிடம் வருகிறேன் என்றேன். நல்ல மனுஷி. "வேணும்னு செய்வாளா அவ, விடும்மா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தால் வண்டு குச்சியோடு நின்ற இடத்திலேயே நிற்கிறாள். அவள் சோதித்துப் பார்த்த விரலில் மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது. உரித்து எடுத்தேன். அடியில் பெரிய கொப்புளம். அவள் முகத்தில் வலியின் சாயலே இல்லை.

பாதி வெட்டியவளுக்கு மீதியை முடித்து அனுப்பிவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"என்ன எத்தனை நாளா?"

"மழுப்பாதே. ரெண்டு கையையும் காட்டு."

காட்டினாள். கத்தி கீறியது, பாத்திரம் சுட்டது, எதிலோ இடித்து நகம் கறுத்தது என்று விரலுக்கு விரல் ஒரு காயம்.

"காலும் அப்படித்தான்" என்றாள். "செருப்பு கழண்டு விழுந்தா, குனிஞ்சு பாத்தாதான் தெரியும்."

"டாக்டர் கேக்கும்போதெல்லாம் நல்லாயிருக்குன்னு சொன்னியேடி!"

"சொன்னா அந்த மருந்தை நிறுத்திடுவார். அதுதானே கட்டியைச் சுருக்குது? அவரே சொன்னாரில்ல?"

"நடக்கவே முடியாதுன்னு சொன்னாரே, அது மட்டும் காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளைப் பளாரென்று அறைந்திருப்பேன். அறைய அவளிடம் கன்னம் எங்கே இருக்கிறது, எலும்புதான் இருக்கிறது. அவள் முடி வெட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கம்மா போறப்ப எனக்கு நாலு வயசு. அம்மா மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்லை. போட்டோவில இருக்கறதைத்தான் மூஞ்சின்னு நெனச்சிட்டிருக்கேன். குரல் சுத்தமா இல்லை. என் பொண்ணுக்கு இப்போ அஞ்சு. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சேன்னா அவளுக்கு நான் ஞாபகத்துல நிப்பேன். கை எதுக்குடி எனக்கு? அவளுக்குத் தலை பின்ன நீ இருக்கே."

தரையில் கிடந்த முடியைப் பெருக்கித் தள்ளினேன். பிறகு சொன்னேன்: "இனிமே எந்த கஸ்டமரையும் தொடாதே. ஆஸ்பத்திரிக்கு நான் வருவேன். ஆனா உனக்காகப் பொய் சொல்லமாட்டேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயை மூடிட்டு உக்காந்திரு. உனக்கு அதுதான் கஷ்டம்."

அடுத்த கீமோவுக்கு முந்தின நாள் மதியம் கடைக்கு வந்தாள். மேஜையில் கொண்டை ஊசிகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழகினாள். விரலுக்கு ஊசி தட்டுப்படுவதே தெரியாததால் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். டாக்டர் இப்படி எதையாவது எடுக்கச் சொல்வார். ஊசி வழுக்கிக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் உள்ளே போய்த் துண்டுகளை மடித்தேன். மறுபடி வந்து பார்த்தேன், இன்னும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

"நுனியைப் பிடிக்காதே, வளைவுல பிடி" என்றேன். "அவசரப்படாதே. எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது பேசு, அவர் உன் மூஞ்சியைப் பார்ப்பார்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் எதற்குப் பாடம் எடுக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அவள் வளைவில் பிடித்து எடுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போய், ஜாக்கெட் கொக்கிகளை நான்தான் மாட்டிவிட்டேன். மகள் பக்கத்தில் நின்று, "அம்மாவுக்கே போடத் தெரியாதா?" என்று சிரித்தாள். வீட்டுக்காரர் ஒன்றும் அறியாமல், "நீங்க இருக்கீங்கங்கற தைரியம்தான்க்கா" என்று என்னைக் கும்பிட்டார். நான் செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

டாக்டர் மேஜைமேல் ஒரு குண்டூசியை வைத்தார். வண்டு ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பற்றி ஏதோ கிண்டல் செய்துகொண்டே அதை எடுத்துக் கொடுத்தாள். நடக்கச் சொன்னார். பாதத்தைப் பார்த்தபடியே நடந்தாள். அவருக்குத் திருப்தியில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே கூட வேலை செய்யறீங்க? கடையில எப்படி இருக்காங்க? எதையாவது கீழே போடறாங்களா, சுட்டுக்கறாங்களா? மறைக்காம சொல்லுங்க."

"சுட்டுக்கிட்டா வேற மருந்து தருவீங்களா?" என்று நான் கேட்டேன்.

"இதை நிறுத்திட்டு மத்ததை வெச்சு ஓட்டலாம். இந்த அளவுக்குக் கேக்குமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

வண்டு என்னைப் பார்க்கவே இல்லை, தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுட்ட விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம். நேர்மையாகப் பேசுகிற அந்த டாக்டர்மேல் அதைவிடக் கோபம். உண்மையைச் சொன்னால் அவள் கையைக் காப்பாற்றலாம். நாளைக்கு அந்தக் குழந்தை அம்மா எப்படி இருந்தாள் என்று போட்டோவைக் காட்டிக் கேட்டால், நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? பொய் சொன்னால், இவளைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப் போகிற நாள் வரும். அதைச் செய்யப்போகிறவளும் நான்தான்.

"நல்லாத்தான் இருக்கா டாக்டர்" என்றேன். "நேத்துகூட ஒருத்தருக்குப் புருவம் எடுத்தா."

அவர் அதே மருந்துக்கு எழுதினார்.

வெளியே வந்ததும் வண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ஒரு வார்த்தை பேசினே, திரும்பிப் போய் எல்லாத்தையும் சொல்லிடுவேன்" என்றேன். அப்படிச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நர்ஸ் ஊசியைப் பொருத்தி, மருந்துப் பையை மாட்டிவிட்டுப் போனாள். சாய்வு நாற்காலியில் வண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசி போடாத கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள், தலையைத் திருப்பித் தன் கையைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். சிறிது நேரத்தில் திரும்பவும் அதையே செய்தாள்.

"என்னடி, தூங்காம பாத்துப் பாத்து முழிச்சுக்கறே?"

"கையை விட்டா, சொல்லிட்டு விடு" என்றாள். "எனக்குத் தெரியமாட்டேங்குது."