விண்கலம் எங்கள் தெரு வழியாக

நான் அக்காவின் தம்பி. ஆகவே இந்தக் கதையில் யாரும் என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

அத்தானைத் தெருவில் எல்லோரும் 'ராக்கெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பது. அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் எரிந்து விழுவார். விண்கலம் எப்படித் தரையிறங்கும் என்று கேட்டால் போதும், கேட்டவர் பேருந்தைத் தவறவிடும்வரை விளக்குவார். அவர் உயிரையே வைத்திருந்த கலம் ஒன்று கடைசித் தடவையாகப் பறந்து ஓய்வு பெற்ற அன்று, நெருங்கிய உறவில் துக்கம் என்று விடுப்பு எடுத்து வீட்டில் உட்கார்ந்து அழுதார். அதே மாதம், பக்கத்துக் கவுண்டரில் காலமெல்லாம் கூட உட்கார்ந்திருந்த மனிதரும் ஓய்வு பெற்றார். அந்த விழாவுக்கு அத்தான் போகவில்லை. தலைவலியாம்.

அவர் சம்பளத்தில் பாதி தொலைநோக்கிக்கும் பொம்மை விண்கலங்களுக்கும் போய்விடும். வீட்டில் அடுப்பு எரிந்தது அக்காவின் தையலால். வீட்டு முன்னறைதான் அவள் கடை. மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற அந்தக் கலத்தைத் துறைமுகத்திலிருந்து காட்சியகத்துக்கு லாரியில் கொண்டுபோகிறார்கள், அதுவும் எங்கள் தெரு வழியாக என்று செய்தி வந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. வரவேற்புக் குழு அமைத்து, தானே தலைவராகி, தன்னைத்தானே பாராட்டிப் பேசவும் செய்தார். காட்சியகம்வரை கலத்தின் பின்னாலேயே நடப்பது அவர் திட்டம். கலத்துக்கு வழிவிடப் பெயர்ப்பலகையைக் கழற்றத் தயங்கிய மருந்துக்கடைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"மனுஷ குலமே முன்னால போகுது, உங்களுக்குப் பலகை பெருசாப் போச்சா?"

பிறகு அளவு நாடாவோடு வந்த பொறியாளர், அக்காவின் கடைச் சுவரில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டார்.

"இந்த முன்னறை இடிக்குது சார். இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க. கிடங்குத் தெரு வழியா சுத்திக் கொண்டு போயிடுவோம்."

"சுத்தியே போகட்டும்" என்றாள் அக்கா. "பூமியையே சுத்தினது, ஒரு தெருவைச் சுத்தினா தேஞ்சா போயிடும்?"

அத்தான் பதறிப்போனார். "நம்ம வாசல் வழியா விண்கலம் போகுது! யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?"

"பள்ளிக்கூடம் திறக்கப் போகுதுங்க. துணி மூட்டை மூட்டையாக் கிடக்கு. நான் எங்க உக்காந்து தைக்கிறது?"

"அது போனதும் கட்டிடலாம்."

"எதை வச்சு?"

 வீடு அவர் பெயரில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டே நாளில் இடித்துத் தள்ளினார்கள். தையல் இயந்திரத்தை நானும் அக்காவும் தூக்கிக் கட்டிலடியில் போட்டோம். முன்னறை போனதில் வீடு தெருவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உடைந்த தூணிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அக்கா மடித்து எடுத்துக் கொடுத்தாள். 

கலம் வந்தது. தலை முதல் வால்வரை சாம்பல் நிறத் தார்ப்பாய் போர்த்திக் கட்டியிருந்தார்கள்.

"உள்ள கலம்தான் இருக்குன்னு என்ன நிச்சயம்?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவருக்குப் பழைய பாக்கி தீர்ந்தது.

அத்தான் முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் எங்கள் வீட்டுக் கம்பி தார்ப்பாயில் மாட்டி, டர்ரென்று ஓர் ஆள் நீளத்துக்குக் கிழித்தது. லாரி நின்றது. கிழிசலுக்குள் கலத்தின் வெப்பம் தாங்கும் கரிய ஓடுகள் தெரிந்தன, தீயில் போய்த் திரும்பிய தழும்புகளோடு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கே புல்லரித்தது. அத்தானோ தேம்பித் தேம்பி அழுதார்.

கூட வந்த அதிகாரி இறங்கி வந்தார்.

"தூசி உள்ள போச்சுன்னா என் வேலை போயிடும். இதை மூடாம ஒரு அடி நகர முடியாது. இந்தத் தெருவில தையல்காரங்க இருக்காங்களா?"

தெருவே அத்தானைப் பார்த்தது.

"இருந்தாங்க சார்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அக்கா கோணி ஊசியும் தடித்த நூலும் எடுத்துக்கொண்டு வந்தாள். அதிகாரி தடுப்புக் கயிற்றைத் தூக்கி அவளை மட்டும் உள்ளே விட்டார்.

"நான் அவ வீட்டுக்காரன் சார்."

"தைப்பீங்களா?"

"நூல் கோத்துக் கொடுப்பேன்."

"அங்கேயே நில்லுங்க."

அக்கா ஏணியில் ஏறினாள். தைப்பதற்கு முன் அந்த ஓட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கீழிருந்து நெருக்கமாகத் தையல் போட்டுக்கொண்டே வந்தாள்.

"கொஞ்சம் மெதுவாத் தையேன்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார் அத்தான். "இன்னும் ஒரு நிமிஷம் பாத்துக்கறேன்."

அக்கா ஊசியை நிறுத்தினாள். அவர் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியில் நிற்கிறவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால்கூட இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவர் பார்க்கவில்லை. அவள் மீதியையும் தைத்து மூடி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அதிகாரி தையலைத் தடவிப் பார்த்தார். "வழியில இன்னும் எத்தனை கம்பி இருக்கோ! காட்சியகம் வரைக்கும் கூடவே வந்துடுங்கம்மா. முன்னால இடம் இருக்கு."

அக்கா சரியென்று லாரியில் ஏறி உட்கார்ந்தாள். அத்தான் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடி வந்தார்.

"நானும் பின்னாலேயே நடந்து வரேன்!"

"நீங்களும் வந்துட்டா எப்படிங்க?" என்றாள் அக்கா. "வீட்டுக்குச் சுவர் இல்ல. யாராவது காவல் இருக்கணும்."